எங்கள் முக்குக்கு மேம்பாலம் கேட்டு மனு எழுதியாச்சு, கொடுக்கலாமா?

சரலூர்க்காரன்:

வணக்கம். நாகர்கோவிலில் இருக்கிறேன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சந்திப்பு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் எங்கள் தெருக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலு பக்கமும் ரோடு, நடுவில் சிக்னல், ஒரு மூலையில் சாயாக்கடை, எதிர் மூலையில் மெடிக்கல் ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பாதி முக்கு இப்படித்தானே இருக்கிறது.

காலையில் எட்டேகாலில் இருந்து ஒன்பதரை வரைக்கும் அங்கே உயிர் போகிறது. பேத்தியை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர ஒன்றரை கிலோமீட்டர்தான், போன வாரம் ஒரு நாள் இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அவளே கேட்டாள், "தாத்தா, நடந்தே போயிருக்கலாமே?" என்று. மூன்று முறை பச்சை விழுந்தும் கோட்டைத் தாண்ட முடியாமல் நின்றபோது பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் கூடிப் பேசி, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மேம்பாலம் கேட்டு மனு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மார்த்தாண்டத்துக்கும் பார்வதிபுரத்துக்கும் கொடுத்தார்களே, நமக்கு ஏன் கிடையாது என்பது தலைவரின் கேள்வி. மனு எழுதும் வேலை என் தலையில். எழுதியும் விட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒருத்தர் ஏ.ஐ. சிக்னல் போதும் என்கிறார், இன்னொருத்தர் ரோட்டை அகலப்படுத்தச் சொல்கிறார் (அவர் வீடு ரோட்டோரத்தில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்). விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?

மணவாளக்குறிச்சி:

கேளுங்க அண்ணாச்சி. பாலம் வந்தால் வண்டிக்கு வழி கிடைக்கிறதோ இல்லையோ, கீழே கார் நிறுத்த நல்ல நிழல் கிடைக்கும்.

வேம்பனூர்_குளம்:

சார், எனக்கு இதுதான் தொழில். திருவனந்தபுரத்தில் ஒரு கன்சல்டன்சியில் வாகனக் கணக்கெடுப்பும் சிக்னல் டிசைனும் பார்க்கிறேன், ஊர் நம்ம பக்கம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் முக்குக்கு வருகிற நூறு வண்டியில் எத்தனை நேராகப் போகிறது, எத்தனை திரும்புகிறது? மேம்பாலம் என்பது நேராகப் போகிறவனுக்கு மட்டும்தான். மார்த்தாண்டம் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். களியக்காவிளைப் பக்கம் இருந்து தக்கலைக்குப் போகிற வண்டிக்குச் சந்தைக்குள் வேலையே இல்லை, அது மேலே ஏறிப் போய்விடுகிறது, சரி. ஆனால் மார்த்தாண்டத்துக்கே சாமான் வாங்க வருகிறவன் பாலத்தில் ஏற மாட்டான். 2019 மார்ச்சில் பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்து அந்த இரண்டு பாலங்களையும் திறந்து வைத்தார். இத்தனை வருஷம் கழித்தும் பாலத்துக்கு அடியில் போய் நின்று பாருங்கள், கீழே எவ்வளவு வண்டி மிச்சம் இருக்கிறது என்று. உங்கள் முக்கில் எட்டரை மணிக்கு வருவது பள்ளிக்கூடக் கூட்டமும் ஆபீஸ் கூட்டமும் என்றால் அதில் பெரும்பாலும் திரும்புகிற வண்டிதான். அவ்வளவு பேரும் கீழேதான் நிற்பார்கள், பாலத்தின் தூண்கள் அடைத்துக்கொண்ட இடம் போக மிச்சம் இருக்கிற ரோட்டில்.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: சிக்னலின் வாய், அதாவது ஸ்டாப் லைனில் வண்டி கடக்கக் கிடைக்கிற அகலம். ஸ்டாப் லைனில் ரோட்டுக்கு ஏழு மீட்டர் அகலம் இருந்தால், பச்சையில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கார் கணக்கில் வண்டி கடக்கும். சாலைகளுக்குத் தரநிலை வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு, மணி முழுக்கப் பச்சையே இருந்தால், 525 பெருக்கல் மீட்டரில் அகலம், அதாவது 3,675 கார். அதே வாயில் ஒரு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒருத்தர் "ஒரு நிமிஷம்தான்" என்று காரைப் போட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குள் போய்விட்டார் என்று வையுங்கள். மூன்றரை மீட்டர்தான் மிச்சம். அப்போது 1,900க்குப் பக்கத்தில்தான் வரும், அதாவது பாதி. ரோடு போட்டது ஏழு மீட்டருக்கு, ஓடுவது மூன்றரையில். அகலப்படுத்தினாலும் அந்த அகலத்திலும் இன்னொரு கார் வந்து நிற்கும், வேறென்ன?

மூன்றாவது, நேரக்கணக்கு. சிக்னல் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கு வெப்ஸ்டர் சூத்திரம் என்று ஒன்று, 1958ல் இருந்து எல்லாரும் உபயோகிப்பது. நாலு பக்கமும் தனித்தனியாகப் பச்சை விட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் நாலு வினாடி போல வீணாகும், மொத்தம் பதினாறு. அதில் ஒன்றரை மடங்கு எடுத்து, ஐந்தைக் கூட்டினால் 29. இதை, சந்திப்பின் கொள்ளளவில் எவ்வளவு காலியோ அந்த விகிதத்தால் வகுத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை வினாடி வேண்டும் என்று வரும். நூற்றுக்கு அறுபது நிரம்பிய சந்திப்புக்கு எழுபத்து மூன்று வினாடி. தொண்ணூறு நிரம்பினால் 290 வினாடி, கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம், அவ்வளவு நேரம் எவன் நிற்பான், சிவப்பில் போய்விடுவான். அந்த வாயில் நிற்கிற ஒரு காரால் சந்திப்பு அறுபதில் இருந்து தொண்ணூறுக்குப் போகிறது. ஏ.ஐ. சிக்னல் நல்ல விஷயம்தான், எங்கள் ஊரிலேயே, அதாவது இங்கே திருவனந்தபுரத்திலேயே, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய கோசிகோஸ்ட் என்ற முறை பெங்களூரு மாதிரி நகரங்களில் வண்டிகளின் வரத்தைப் பார்த்துப் பச்சையைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் எந்தச் சிக்னலும் இருக்கிற வாயைத்தான் பங்கு வைக்கும், வாயைப் பெரிதாக்காது.

அதனால் மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நாலு பேர் நாலு மூலையில் நின்று ஒரு நாள் எண்ணுங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தாள், அதில் இடம், நேர், வலம் என்று மூன்று கட்டம், ஐந்தைந்தாகக் கோடு போட்டால் போதும். எல்லாவற்றையும் கார் கணக்குக்குக் கொண்டுவர, டூவீலரை அரை, காரை ஒன்று, பஸ்ஸை இரண்டரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். செவ்வாய், புதன், வியாழனில் எடுங்கள். உள்ளூர் விடுமுறை நாளில் எடுத்துவிடாதீர்கள்.

டபுள்_விசில்:

மேலே சார் எழுதியதைப் படித்தேன். பஸ் வாயில் நிற்கிறது, பஸ் வாயில் நிற்கிறது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் கண்டக்டர், அந்தப் பஸ்ஸில் நிற்கிறவன். ஏன் நிற்கிறோம் தெரியுமா, ஆள் அங்கேதான் நிற்கிறார்கள். நிழற்குடை கட்டியிருப்பது சந்திப்பைத் தாண்டி நூறு மீட்டரில், அதற்கு முன்னால் வரிசையாக ஆட்டோவும் காரும். டிரைவர் அண்ணன் அங்கே கொண்டு போனாலும் ஓரம் கட்ட இடம் கிடையாது, நடுரோட்டில்தான் நிறுத்த வேண்டும். ஒரு நாள் தாண்டிக் கொண்டு போய் நிறுத்தினோம். ஒரு பாட்டி இரண்டு கையிலும் பையை வைத்துக்கொண்டு ஓடி வந்து, ஏறின உடனே என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. காலையில் என் நடை (டிரிப்) வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து எடுத்தால் நாற்பது நிமிஷம் என்று ஷெட்யூல். அது பல வருஷத்துக்கு முன்னால் போட்டது. இப்போது ஐம்பத்தைந்து, சில நாள் ஒரு மணி நேரம். அப்போது என்ன ஆகிறது, பின்னால் வருகிற வண்டியும் நானும் ஒன்றாகப் போய் நிற்போம், முன்னால் இருபது நிமிஷத்துக்கு வண்டியே கிடையாது. அதைப் பார்த்து வெறுத்துப் போய் ஒருத்தன் தவணையில் பைக் எடுப்பான். 2021ல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆன பிறகு மதினிமார் கூட்டம் கூடியது, சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாம் பைக்கில்தான், பஸ் நேரத்துக்கு வந்தால் அவர்களும் வருவார்கள். எண்ணுகிறபோது வண்டியை மட்டும் எண்ணாதீர்கள் சார், ஆளையும் எண்ணுங்கள். காலை எட்டரைக்கு என் வண்டியில் எழுபது பேர். அந்த எழுபது பேர் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் வந்தால் உங்கள் சாயாக்கடை வாசலில் இருந்து எங்கே வரைக்கும் நிற்கும்?

அப்டா_வியாபாரி:

எல்லாரும் கடைசியில் கடைக்காரன் தலையில் வந்து நிற்பீர்கள் என்று தெரியும். காரை நிறுத்த விடாவிட்டால் கடைக்கு யார் வருவான்? ஏற்கெனவே பாதி ஜனம் போனில் ஆர்டர் போடுகிறது. வேம்பனூர் தம்பி, உங்களுக்குச் சம்பளம் மாசம் ஒண்ணாம் தேதி வந்துவிடும்.

வேம்பனூர்_குளம்:

அண்ணாச்சி, கோபப்படாமல் கேளுங்கள். கடைத்தெரு முழுக்க நிறுத்தாதே என்று சொல்லவில்லை. ஸ்டாப் லைனில் இருந்து ஐம்பது மீட்டர், காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஐம்பது மீட்டரில் ஒன்பது கார் நிற்கும். ஒரு நாள் நீங்களே அந்த ஒன்பது காரையும் பாருங்கள், எத்தனை உங்கள் வாடிக்கையாளருடையது, எத்தனை கடைக்காரர்களே காலையில் கொண்டு போட்டுவிட்டு ராத்திரி எடுப்பது? நான் எண்ணிய இடங்களில் (நாகர்கோவில் இல்லை, வேறு ஊர்கள்) பாதிக்கு மேல் நாள் முழுக்க அசையாத வண்டிதான். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் அந்த வண்டிகள் பின் தெருவுக்குப் போகும், உங்கள் கடை வாசல் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குக் கிடைக்கும்.

அப்டா_வியாபாரி:

என் காரும் அதில் ஒண்ணுதான். சரி, பார்க்கிறேன்.

ஆரல்வாய்_காற்று:

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே 1975லேயே நகர மையத்துக்குள் காலையில் கார் கொண்டு வர லைசென்ஸ் கட்டணம் வைத்தார்கள், 1998ல் இருந்து மின்னணு முறையில் எடுக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 2006ல் சோதனையாக வைத்தபோது எல்லையைக் கடக்கிற வண்டி ஐந்தில் ஒன்று குறைந்தது. ஆனால் அதைவிட அதிகமாக, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இருந்து பாதி வரை, காத்திருக்கிற நேரம் குறைந்தது. கொஞ்சம் வண்டி குறைந்தாலே வரிசை நிறையக் குறையும் என்பது இதில் உள்ள சூட்சுமம். நாகர்கோவிலுக்கும் கொண்டு வரலாமே?

மணவாளக்குறிச்சி:

வடசேரியில் கேட் போட்டுக் காசு கேட்டால் மக்கா, வசூலிக்கிறவனுக்கு முதலில் ஹெல்மெட் வாங்கிக் கொடு.

வேம்பனூர்_குளம்:

கட்டணத்தை விடுங்கள், அதற்கு முன்னால் பஸ் வேண்டும், இல்லையென்றால் ஜனம் எதில் வரும்? ஆனால் அந்தச் சூட்சுமம் உண்மை, அதற்கு ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டாம். மண்டைக்காடு கொடைக்கும் சுசீந்திரம் தேருக்கும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் நமக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அன்றைக்குக் காலையில் நாகர்கோவில் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கடை, ஆஸ்பத்திரி எல்லாம் திறந்துதான் இருக்கும், வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் முக்கில் நிற்க மாட்டீர்கள். மணிக்கு ஆயிரம் வண்டி கடக்கக்கூடிய இடத்துக்கு ஆயிரத்து ஐம்பது வந்தால், ஒரு மணி நேரத்தில் ஐம்பது வண்டி மிச்சம் நிற்கும், அது முந்நூறு மீட்டர் வரிசை. தொள்ளாயிரம் வந்தால் ஒன்றும் இல்லை. இந்த நூற்றைம்பதை எங்கே குறைப்பது என்பதுதான் மொத்த வேலையும். ஒரே ரோட்டில் நாலு பள்ளிக்கூடம் இருந்து நாலுக்கும் ஒன்பது மணிக்கு மணி அடித்தால், இரண்டை எட்டரைக்கு மாற்றினாலே பாதி பிரச்சினை போச்சு. காங்கிரீட் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

நிற்கிற வண்டியின் செலவையும் யாரும் கணக்கில் எடுப்பது கிடையாது. நின்ற இடத்தில் ஓடுகிற சின்னப் பெட்ரோல் காரே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். சரலூர் சார் சொன்ன ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்தார் பாருங்கள், அந்த மொத்த வரிசையிலும் சுற்றுச்சூழல் ஆர்வலர் அவர் ஒருத்தர்தான்.

பழையாறு:

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு முக்கில் எத்தனை பேர் கை இருக்கிறது தெரியுமா? ரோடு தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா என்று முதலில் பாருங்கள். ஒரே சந்திப்பில் இரண்டு பேருடைய ரோடு கூடும். சிக்னலை இயக்குவது போக்குவரத்துக் காவல். நடைபாதைக் கடை மாநகராட்சி. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதில் போக்குவரத்துக் கழகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் உண்டு. தனித்தனியாக மனு கொடுத்தால் "இது எங்களுடையது இல்லை" என்று நாலு பதில் நாலு கவரில் வரும். என்னிடம் அப்படி ஒரு ஃபைலே இருக்கிறது.

இவ்வளவு பேரும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, தலைவர் கலெக்டர். மனுவின் தலைப்பிலேயே "மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டி" என்று எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் பிரிவு 115 வண்டிகளைக் குறிப்பிட்ட இடத்தில் தடை செய்ய, 117 நிறுத்துமிடமும் பஸ் நிற்கும் இடமும் தீர்மானிக்க. இரண்டையும் எழுதினால் படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டிப்பர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது இப்படித்தான். உங்கள் முக்கிலும் அவை வருகின்றனவா என்று எண்ணும்போது தனியாகக் குறித்து வையுங்கள். நாலுவழிச்சாலை வேலை குளத்தையும் வயலையும் கடக்க முடியாமல், நிரப்ப மண் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இழுக்கிறது, அது முடிகிறவரை கனரக வண்டி ஊருக்குள்தான் வரும்.

அப்புறம் ஒன்று, உயிர்ச்சேதம் நடந்த இடம் என்றால் கவனிப்பு வேறு. 2021ல் இருந்து விபத்துகளை ஐராட் என்ற செயலியில் காவல்துறை இடத்தோடு பதிகிறது, ஐஐடி மெட்ராஸ் உருவாக்கியது. உங்கள் சந்திப்பில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தகவல் உரிமையில் கேட்கலாம்.

சரலூர்க்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எண்ணிவிட்டோம்! புதன்கிழமை காலை எட்டரையில் இருந்து ஒன்பதரை. நாலு மூலைக்கு நாலு பேர், நான் சாயாக்கடைத் திண்டில். கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், ரோடு அகலப்படுத்த அளக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார் போல. விஷயத்தைச் சொன்னதும் அவரே பஸ் எண்ணித் தந்தார், நாங்கள் இரண்டு விட்டுவிட்டோம், அவர் ஒன்றுகூட விடவில்லை.

எங்கள் பக்கத்துக்கு ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து தடவை பச்சை விழுந்தது, தடவைக்கு முப்பது வினாடி. அதில் பதினாலு தடவை வாயில் பஸ்ஸோ காரோ நின்றது. வாய் காலியாக இருந்த பச்சையில் சராசரியாக 27 கார் கணக்குக்குக் கடந்தது, அடைத்திருந்தபோது 15. பதினாலு தரம் பன்னிரண்டு, 168. இருபத்தைந்து பச்சையும் காலியாக இருந்திருந்தால் 675 போயிருக்கும், போனது 507. கால்வாசி அந்த மெடிக்கல் ஷாப் வாசலில் போயிருக்கிறது. வங்கியில் முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பார்த்தவன், இந்த மாதிரிக் கசிவைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

நாலு பக்கத்தையும் சேர்த்து நேராகப் போனது நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. இதைச் சங்கத்தில் சொன்னபோது தலைவரின் முகம் மாறிவிட்டது, மேம்பாலம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் மனுவை இப்படி மாற்றினோம்: வாயில் இருந்து ஐம்பது மீட்டர் காலை எட்டு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறு நிறுத்தத் தடை, நிழற்குடைக்கு முன்னால் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டைப் பக்கத்துத் தெரு முனைக்கு மாற்றுவது (ஆட்டோக்காரர்களிடம் பேசிவிட்டோம், புதிய இடத்தில் நிழல் கேட்கிறார்கள், நியாயம்தானே), பஸ் குடையில்தான் நிற்க வேண்டும், சிக்னல் நேரத்தைக் கணக்கெடுத்துத் திருத்துவது, பள்ளிக்கூட நேரம். தலைவருக்காக ஆறாவது கோரிக்கையாக மேம்பாலமும் இருக்கிறது.

டபுள்_விசில்:

ஆட்டோ அங்கிருந்து போனால் நான் குடையிலேயே நிறுத்துகிறேன் சார், டிரைவர் அண்ணனிடமும் சொல்லியாச்சு. பாட்டியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேம்பனூர்_குளம்:

ஆறாவது இருக்கட்டும் சார், ஒன்றும் கெட்டுப்போகாது. எண்ணிய தாள்களை இணைப்பாக வையுங்கள், கையெழுத்தில் இருக்கிறபடியே. சாயங்காலக் கணக்கு எடுத்தீர்களா?

சரலூர்க்காரன்:

இல்லை. நாலு மணிக்குத் திண்டில் உட்கார்ந்தோம், நாலேகாலுக்கு மழை பிடித்துக்கொண்டது, தாள் எல்லாம் ஊறிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை பார்க்கிறோம். சாயாக்கடைக்காரர் பிளாஸ்டிக் அட்டை வாங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.